புதுப்பிப்பு: பயண வாந்திப் பட்டையும் அகன்ற கண்மணியும்

பயண வாந்தியைத் தடுக்க, காதுக்குப் பின்னால் ஸ்கோபோலமைன் என்ற மருந்துள்ள ஒட்டுப்பட்டையை ஒட்டியபின் அக்காவின் வலது கண்மணி மட்டும் அகன்றுபோனதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பக்கவாதமோ என்று வீடே கலங்கிப்போயிருந்தது.

கண் மருத்துவர் முதலில் கேட்டதே, “பட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினீர்களா?” என்றுதான். விரலில் ஒட்டும் துளி மருந்தே கண்மணியைச் சுருக்கும் தசையைத் தளர்த்திவிடுமாம். பட்டையை எடுத்துவிட்டோம், கண்மணி மெல்லப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் வறட்சியும் இந்த மருந்தின் வழக்கமான குணம்தான். குறுகிய கோண கண் அழுத்த நோய் (கண்ணுக்குள் நீர் வடியும் வழி குறுகலாக இருக்கும் கிளாகோமா வகை) உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

பட்டைக்குப் பதிலாக மெக்லிசின் என்ற பயண வாந்தி மாத்திரையைச் சொன்னவர்களுக்கு நன்றி. மருத்துவரும் அதையே எழுதித் தந்திருக்கிறார். அதிலும் தூக்கம் வரும். ஆகவே அக்காவுக்கு ஓட்டுநர் இருக்கை கிடையாது. கோபம் என் மேல்!