கமுதி வறட்சியை சாட்டிலைட்டுக்குத் தெரியுமா?

கரிசக்காட்டான்:
மத்திய அரசோட 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு வந்த பிறகு வறட்சின்னு அறிவிக்க முதல்ல மழைக்குறைவு, அடுத்து சாட்டிலைட்ல பயிர்ப் பசுமை, மண் ஈரம், கண்மாய்த் தண்ணின்னு படிப்படியாப் பார்க்குறாங்க. எங்க ராமநாதபுரத்துக்கு இது தோதுப்படாது. மேல இருந்து பார்த்தா எந்தப் பஞ்சத்துலயும் பச்சையா நிக்கிறது சீமைக்கருவேலம்தான்.

வரைபடப்பித்தன்:
அண்ணே, பயிர் நிலத்தை மட்டும் பிரிச்சுத்தான் கணக்கு. பக்கத்து ஊரோட ஒப்பிடுறதும் இல்ல. அதே இடம், அதே பருவம், முந்தைய வருசங்கள்ல எப்படி இருந்ததுன்னு பார்ப்பாங்க. கருவேலம் எப்பவும் பச்சைன்னா அது கணக்கையே மாத்தாது.

கரிசக்காட்டான்:
மாத்தாததுதான் தம்பி வம்பே! வயலுக்கு நடுவுல தரிசு, தரிசு பூரா கருவை. நெல்லு காஞ்சாலும் அது காயாது, குறைவு பாதியாத்தான் தெரியும். இன்னொன்னு கேளுங்க. நாங்க மழைக்கு முன்னாடியே காஞ்ச புழுதியில விதைக்கிறவங்க. ஐப்பசி மழைக்கு முளைச்சு, மார்கழியில பால் பிடிக்கும். ஒரு வருசம் அந்த நேரம் பார்த்து மழை நின்னுபோச்சு. தாள் பச்சையாத்தான் நின்னுச்சு. கதிரை உருவி உள்ளங்கையில வச்சு ஊதினேன், அம்புட்டும் பறந்துருச்சு. சாவி, அதாவது மணி பிடிக்காத பதரு. இதை எந்த சாட்டிலைட் ஊதிப் பார்க்கும்?

வரைபடப்பித்தன்:
அதுக்குத்தானே 10 சதவீத கிராமங்கள்ல நேரடி ஆய்வு? 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா வறட்சி. முன்ன மாதிரி கண்ணளவுல அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு ஏடு) எழுதி, வேண்டிய ஊர் வறட்சி, வேண்டாத ஊர் செழிப்புன்னு போறதே மேலா?

முண்டுவத்தல்:
முந்தின படி தாண்டினாத்தானே ஆய்வுக்கே ஆள் வருவாங்க? 2016ல தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைஞ்சது. 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சின்னு அறிவிச்சாங்க. அந்த மாதிரி வருசத்துக்கு ஒரு கருவியும் வேணாம், கண்மாயை எட்டிப் பார்த்தாப் போதும். அரைகுறை வருசம்தான் ஆளைக் கொல்லுது. கமுதியில கொட்டும், பெருநாழியில தூறல்கூட இருக்காது. மழைமானி இருக்கிற இடத்து மழைதான் எல்லாருக்கும் மழை. எங்க மிளகாய் வாடினதை எந்த ஏட்டுல எழுதுவாங்க?

வரைபடப்பித்தன்:
மழைமானி கூடுதலா வேணும், அதுல எனக்கும் சண்டை இல்லக்கா. ஆனா சாட்டிலைட் படத்தைத் தூக்கிப் போடுங்கன்னா ஒத்துக்க மாட்டேன். வறட்சி எந்தப் பக்கம் பரவுதுன்னு பத்து நாளைக்கு ஒருதரம் மாவட்டம் முழுக்க நடந்து பார்க்க யாரால முடியும்? சாவி விசயத்துல மட்டும் அண்ணன் சொல்றது சரி.

கரிசக்காட்டான்:
தையில ஊருக்கு வாங்க தம்பி. கதிரை நான் உருவித் தாரேன், நீங்க ஊதுங்க.