புதுப்பிப்பு: ஸ்மித் ராக், மிசரி ரிட்ஜ் சுற்றுப்பாதை – எந்தப் பக்கமாக ஏறுவது?

ஓரிகன் மாநிலத்தின் ஸ்மித் ராக் பூங்காவில் உள்ள மிசரி ரிட்ஜ் சுற்றை எந்தப் பக்கமிருந்து தொடங்கினால் முழங்காலுக்கு நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

குரூக்கட் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் நேராக முகட்டுக்கு ஏறி, பின்பு ஆற்றோரமாகத் திரும்பும்படி சொன்ன யோசனையே கைகொடுத்தது. ஏறுபாதையில் நிழல் மிகக் குறைவு என்பதால் விடிந்ததுமே கிளம்பினோம். செங்குத்தான அந்தப் படிகளில் ஏறுவது மூச்சு வாங்க வைத்தாலும், அவற்றில் இறங்குவதை விட மேல் என்றே சொல்வேன்.

எதிர்பாராத சிரமம் மறுபக்கத்தில் இருந்தது. ஏறத்தாழ 105 மீட்டர் உயரமுள்ள மங்கி ஃபேஸ் பாறைத்தூணை அண்ணாந்து பார்த்தபடியே இறங்கும் வளைவுப் பாதையில், மணலோடு கலந்த பொடிக்கற்கள் காலை வாரிவிடுகின்றன. ஊன்றுகோல் இல்லாமல் இறங்க வேண்டாம். அதற்குப் பிறகு ஆற்றங்கரை நடை பெரும்பாலும் சமதளம்தான்.

மொத்தத் தொலைவு சுமார் 6 கிலோமீட்டர். வாகன நிறுத்துமிடம் பாலத்துக்கு மேலே, பள்ளத்தாக்கின் விளிம்பில் இருப்பதால், முடிவில் இன்னொரு ஏற்றம் காத்திருக்கிறது. அதற்கும் சேர்த்துத் தண்ணீர் எடுத்துச் செல்லவும்.