நம்ம தெருப் பூங்காவுக்கு உங்க யோசனை வேணும்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் நம் பூங்காவைச் சீரமைக்கக் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். வெறுங்கையோடு போகாமல், என்ன வேண்டும் என்று வரைந்தே கொண்டுபோக ஆசை.

சித்திரை வெயிலில் அந்த இரும்புச் சறுக்கில் எந்தப் பிள்ளை உட்காரும்? போன மாதம் என் பேத்திக்குத் தொடை கன்றிப்போனது. சறுக்கை வேப்பமர நிழலுக்கு மாற்றலாம் என்பது என் எண்ணம். ஊஞ்சலுக்கு அடியில் சிமெண்டைப் பெயர்த்து, ஒரு சாண் ஆழத்துக்காவது மணல் வேண்டும். சக்கர நாற்காலி நுழைய வாசலில் சாய்தளமும் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் விட்டால்தான் ஏற முடியும்.

அரசும் மக்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் 'நமக்கு நாமே' திட்டத்தில் போனால் மூன்றில் ஒரு பங்காவது நாம் போட வேண்டும். அதில் விண்ணப்பித்த அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? இடத்தை அளந்து வரைந்து தர ஒரு சிவில் இன்ஜினியரும் தேவை.

மதியம் பூங்காவில் இளைப்பாறும் வீட்டுவேலை அக்காக்கள் இந்தக் குரூப்பில் இல்லை. அவர்களிடம் நேரில் கேட்க இரண்டு பேர் என்னோடு வருவீர்களா? ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் இருப்பேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.