காலை நடையா, மாலை நடையா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மயிலைவாசி:
பத்து வருஷ சர்க்கரைக்காரன் நான். மார்கழியில் ஒரு நாள், ஐந்தரைக்கெல்லாம் மெரினா. சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு போட்டாயிற்று, இட்லி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். கண்ணகி சிலைப் பக்கம் வரும்போது, அந்தக் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அருகம்புல் சாறு விற்கிற அம்மா, “வீடு எங்க சார்?” என்கிறார். காதில் விழுகிறது, வாய் வரவில்லை. கையை நீட்டிக் கடலைக் காட்டினேனாம். சுக்குக் காப்பிக்கு வைத்திருந்த கருப்பட்டியை உடைத்து என் வாயில் திணித்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

மதுரை வாத்தியார்:
இதற்குக் காலை நேரம் என்ன செய்யும் சார்? மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் போனது உங்கள் தப்பு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படித் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிபிரைடு, இன்சுலின் என்றால் எச்சரிக்கை வேண்டும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. சட்டைப்பையில் குளுக்கோஸ் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். மருந்து நேரத்தை நீங்களாக மாற்றாமல் டாக்டரைக் கேளுங்கள். சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடந்தாலும் சர்க்கரை இறங்கும். என் கதையா? ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டில் ஆடி, ஒரு மணி வரை தூக்கம் வராமல் கிடந்தேன். அவ்வளவுதான்.

மொட்டைமாடி:
வாத்தியார் சார், அவர் கேட்காத பாடத்தை எடுத்துவிட்டீர்கள்! என் கதை வேறு. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன், அதற்குள் இரண்டு டிபன் பாக்ஸ். அதனால் நாலே முக்காலுக்குப் படுக்கையிலிருந்து நேரே சூரிய நமஸ்காரம். குனிந்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துப் பால்காரர் பெல் அடிக்கிறார். குனிந்த வாக்கிலேயே போய்க் கதவைத் திறந்தேன். கும்பிடுகிறேன் என்று நினைத்து, “ஐயோ, இருக்கட்டும்மா” என்று இரண்டடி பின்னால் போய்விட்டார்.

ராத்திரி படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் நீர் கோத்து உப்புமாம், எழுந்த ஒரு மணி நேரத்துக்கு முழுக்கக் குனியாதீர்கள் என்றார் பிசியோ. இப்போது சாயங்காலம் ஐந்தரைக்கு, காயும் புடவைகளுக்கு நடுவே மாடியில் நடை.

மயிலைவாசி:
வாத்தியார் சார், தப்பு என்னுடையதுதான். இப்போது இரண்டு இட்லி உள்ளே போனபிறகே நடை. ஏழரை ஆகிவிடுகிறது, அந்த அம்மா அதற்குள் கடையைக் கட்டிவிடுகிறார். கருப்பட்டிக்குக் காசு இன்னும் கொடுக்கவில்லை.