முட்டை வெடிக்கும் நாளும் கணவர் ஊருக்கு வரும் நாளும் ஒத்துவரவில்லை, வழி சொல்லுங்கள்

அக்கா, தங்கைகளே, அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். எனக்கு வயது 29, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. முட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரை எடுப்பது இது மூன்றாவது மாதம். மாதவிடாய் தொடங்கிய 3-ம் நாளிலிருந்து 7-ம் நாள் வரை தினம் ஒரு 2.5 மில்லிகிராம் மாத்திரை.

இன்று புதன், 12-ம் நாள். காலை ஸ்கேனில் வலது பக்க முட்டை 17 மில்லிமீட்டர், கருப்பை உள்சவ்வு 8 மில்லிமீட்டர். நாளை இரவு பத்து மணிக்கு முட்டை வெடிப்பதற்கான ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்குமாம். அதாவது சனிக்கிழமை காலை.

கணவருக்கு ஓசூரில் வேலை, நான் திண்டுக்கல்லில். அவர் வழக்கமாக வந்து சேர்வது சனி இரவுதான். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும், விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும் என்கிறார்கள். அப்படியானால் முன்கூட்டியே சேர்வதுதானே நல்லது? வெள்ளி இரவே வந்தால் போதுமா, வியாழனும் லீவு போடச் சொல்லட்டுமா? அடுத்த ஸ்கேனில் டாக்டரிடமும் கேட்பேன்.

போன மாதம், முட்டை வெடிக்கும் நாளைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பை நம்பினோம். நான்கு நாள் தொடர்ந்து இரண்டு கோடு! பிசிஓடியில், அந்த ஸ்ட்ரிப் பார்க்கும் எல்ஹெச் ஹார்மோன் கூடுதலாக இருந்தால் இப்படி ஏமாற்றும் என்று பிறகுதான் தெரிந்தது. சமையலறைக் காலண்டரில் நான் போட்ட பென்சில் வட்டங்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

கணவர் வெளியூரில் இருந்து, இதே மாத்திரையில் கரு தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்? இன்று இரவுக்குள் சொன்னால் அவர் லீவு கேட்க வசதியாக இருக்கும்.