அதே ஸ்கேன், இரண்டு டாக்டர்கள்

இடுப்பில் தொடங்கி இடது கால் வழியாகப் பாதம் வரை இறங்கும் வலியோடு ஆறு வருடமாக இருக்கிறேன். இதுவரை வலிக்கென்றே இருக்கும் இரண்டு பெயின் கிளினிக் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் காட்டியது ஒரே எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இரண்டு டாக்டர்கள் சொன்ன விஷயமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் இடத்திலிருந்து அழுதுகொண்டே வெளியே வந்தேன். இரண்டாவது இடத்திலிருந்து, வலி துளிகூடக் குறையாத நிலையிலும், நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

முதல் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டிஸ்க் தேய்ஞ்சிருக்கு, லேசா பிதுங்கியிருக்கு. எல்லாருக்கும் வர்றதுதாம்மா, பெரிசா ஒண்ணுமில்லை" என்றார். அப்போது எனக்கு 38 வயது. ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளிடம் 'ஒண்ணுமில்லை' என்றால், நான் நடிக்கிறேன் என்றுதானே அர்த்தமாகிறது? தண்டுவடத்தைச் சுற்றியுள்ள இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றார். போட்டுக்கொண்டேன். மூன்று வாரம் மாடிப்படி ஏறி இறங்கினேன். நான்காவது வாரம் பழைய வலி அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஊசியின் பலன் பலருக்குக் கொஞ்ச காலம்தான் நிற்கும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் உடம்புதான் மருந்துக்குக் கட்டுப்படாத உடம்பு என்று நினைத்து உடைந்துபோனேன்.

அடுத்த டாக்டரிடம் போகவே இரண்டு வருடம் ஆனது. அவர் உடனே ஸ்கேனைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னார். அத்தனை வருடத்தில் என் பாதத்தைத் தொட்டுப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். பஞ்சை நூல் மாதிரித் திரித்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, வலது காலில் தொட்டார். தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை. "எப்போ டாக்டர் தொடுவீங்க?" என்று கேட்டேன். "தொட்டாச்சும்மா" என்றார். கண்ணைத் திறந்து பார்த்தால் பஞ்சு என் இடது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே இருந்தது. பிறகு குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். வலது பாதம் துள்ளியது, இடது பாதம் அசையவில்லை. கீழ் முதுகிலிருந்து புறப்படும் எந்த நரம்பு அந்த ஓரத்துக்கு வருகிறது என்று ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

வலி பத்துக்கு எத்தனை என்று எல்லோரும் கேட்பதை அவரும் கேட்டார். ஆனால் அதோடு விடவில்லை. "எப்படிப்பட்ட வலி? உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க" என்றார். இடுப்பில் கடுப்பு, தொடையில் குடைச்சல், கெண்டைக்காலுக்குக் கீழே சுரீர் என்று மின்சாரம் அடித்த மாதிரி, பாதத்தில் மரமரப்பு, ராத்திரியில் திகுதிகு என்று எரிச்சல் என்றேன். ஒவ்வொன்றையும் அப்படியே எழுதிக்கொண்டார். எரிச்சல், மரமரப்பு, மின்சாரம் அடிப்பது எல்லாம் நரம்பு சம்பந்தப்பட்ட வலியைக் காட்டுபவை, தசைப் பிடிப்பின் கடுப்பு வேறு, இரண்டுக்கும் மருந்தும் வேறு என்று விளக்கினார். ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-இல், நோயாளிகள் வலிக்குச் சொல்லும் சொற்களைத் தொகுத்து ஒரு கேள்வித்தாளே உருவாக்கியதாக அவர் மூலம்தான் தெரிந்துகொண்டேன். நம் மொழியில் வலிக்கு இத்தனை வார்த்தைகள் இருக்கும்போது, டாக்டரிடம் போனதும் 'வலிக்குது' என்ற ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கடைசியில்தான் ஸ்கேனை எடுத்தார். "முதுகுவலியே இல்லாதவங்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல ஒரு கட்டுரை வந்துது. 20 வயசுலயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்துது. 80 வயசுல 96 சதவீதம் பேருக்கு. அதனால இந்தப் படத்தைப் பார்த்து உங்க வலி எவ்வளவுன்னு யாராலும் சொல்ல முடியாது. வலி இல்லைன்னும் சொல்ல முடியாது." முதல் டாக்டர் சொன்ன 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்பதும் இதே உண்மைதான். அன்று அது என் வாயை அடைத்தது. இன்று என் பயத்தைப் போக்கியது.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இடுப்பு வலிக்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ராத்திரிக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். சீட்டைத் தரும் முன்பே, "உள்ளே இருக்கற துண்டுத்தாளில் மனச்சோர்வுக்கான மருந்துன்னு போட்டிருக்கும். நிறைய அளவில் அதுக்குத்தான் கொடுப்பாங்க. குறைஞ்ச அளவில் நரம்பு வலிக்குக் கொடுக்கறோம். வாய் வறளும், காலையில கொஞ்சம் மந்தமா இருக்கும், பலன் தெரிய சில வாரம் ஆகலாம்" என்றார். இதைச் சொல்லாமல் கொடுத்திருந்தால், எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என நினைத்துத் தூக்கிப் போட்டிருப்பேன்.

"முழுசா எடுத்துடறேன்னு என்னால சொல்ல முடியாது. வலி கொஞ்சம் இருந்தாலும் என்ன செய்ய முடிஞ்சா சந்தோஷப்படுவீங்க?" என்று கேட்டார். மகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும் என்றேன். அதைக் கேஸ் ஷீட்டில் மருந்துப் பெயருக்கு மேலே எழுதினார்.

*

அக்கா, உங்கள் பதிவில் அந்தத் 'தொட்டாச்சும்மா'வைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கு இதற்கு நேர் எதிர். விலாப்பக்கம் அக்கி வந்து, கொப்புளமெல்லாம் ஆறிய பிறகும் அந்தப் பட்டையில் சட்டை உரசினால் துடித்துப்போவார். ஃபேன் காற்று பட்டாலே வலிக்கிறது என்பார். வீட்டில் நாங்களே முதலில் நம்பவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

முதலில் பார்த்த வலி டாக்டர் அப்பாவின் முகத்தையே பார்க்கவில்லை. "அவருக்கு எப்ப அதிகமா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அப்பாவுக்குக் காதும் கேட்கும், நினைவும் தெளிவாக இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு அப்பா பதில் சொல்வதையே விட்டுவிட்டார். மாற்றிப் பார்த்த டாக்டர் நாற்காலியை அப்பா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அய்யா, சட்டையைத் தோளில் எப்படிப் போட்டுக்கறீங்கன்னு காட்டுங்க" என்றார். அப்பா வலது கையை மட்டும் நுழைத்து, இடது பக்கத் துணியை விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. தொடுகையே வலியாக மாறுவதற்கு அலோடினியா என்று பெயர் இருக்கிறதாம். அப்பா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நரம்பு வலிக்கான காபாபென்டின் கொடுத்தார்கள். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார்கள். தலை சுற்றும், எழுந்ததும் நடக்காதீர்கள், நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள் என்றார்கள். தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் மருந்துப் பட்டையும் ஒட்டினோம். இப்போது முழுக்கைச் சட்டை போடுகிறார். அக்கி கொப்புளம் கண்ணில் பட்டால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது நல்லது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் எழுதுகிறேன். எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பு முழுக்கப் பரவி நீண்ட நாள் நிற்கும் வலி நோய். ஒரு டாக்டர் உடம்பில் 18 இடங்களை அழுத்தி எண்ணினார். 11 இடத்தில் வலிக்க வேண்டும், உங்களுக்கு 9தான், அதனால் இல்லை என்று அனுப்பிவிட்டார். அது 1990-இல் வந்த விதி. 2010-இல் வந்த புதிய விதியில் அந்த எண்ணிக்கையே இல்லை என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. இடையில் மூன்று வருடம் போய்விட்டது. இதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பெயின் கிளினிக்கில் மனநல ஆலோசகரிடம் அனுப்பியபோது கோபம் வந்தது. அந்த அம்மா முதல் பேச்சிலேயே "வலி நிஜம், அதில் எனக்குச் சந்தேகமில்லை" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கையில் கிடப்பேன். அவர்தான் அதைப் பிடித்தார். இருபது நிமிடம் நின்றால் வலி கூடும் என்றால், நல்ல நாளாக இருந்தாலும் பதினைந்தில் உட்கார வேண்டும். கேட்பதற்கு எளிது. பழக ஒரு வருடம் ஆனது.

*

அக்கா, உங்களைப் போல எனக்கு இன்னும் நல்ல டாக்டர் அமையவில்லை. பழக்கமாகிவிடக்கூடிய ஓபியாய்டு வகை வலி மாத்திரையான டிரமடால்தான் என் வலிக்குக் கேட்கிறது என்று மாத்திரையின் பெயரைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை என்று ஒரு வாரம் பட்ட பாடு சொல்லி முடியாது. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. புது டாக்டரிடம் போகும்போது எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

*

தம்பி, நீங்கள் பட்டது கொடுமை. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவேன், பக்கத்தில் இன்னொருவரையும் கூட்டிப் போவேன். இதுவரை எடுத்த மருந்து, அளவு, எத்தனை நாள், ஏன் நிறுத்தினோம் என்பது முதலில் இருக்கட்டும். டிரமடாலை அந்த வரிசையில் ஒன்றாக எழுதுங்கள், நிறுத்தியபோது என்ன ஆனது என்பதையும் சேர்த்து. அப்புறம் வலியின் வார்த்தைகள். அதற்குக் கீழே, வலியால் செய்ய முடியாமல் போன இரண்டு காரியங்கள். ஊசி போடலாம் என்றால், எத்தனை நாள் தாங்கும், தாங்காவிட்டால் அடுத்து என்ன என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

எனக்கு அடுத்த வாரம் போக வேண்டும். தாளை எழுதிவிட்டேன். இந்த மாதம் தரையில் உட்கார்ந்து எழுந்தது ஐந்து தடவை. அதில் இரண்டு தடவை கை ஊன்றாமல்.