எல்லாம் போன பிறகு முதலில் வாசலுக்கு வந்தவர் யார்?

ஓலைக்குடா மதினி:

நம்ம ராமநாதபுரம் கரையில் யாருக்கு எப்போது எது போகும் என்று சொல்ல முடியாது. படகு போகும், சபுர் என்று வெளிநாட்டுக்குப் போன இடத்தில் வேலை போகும், சிலருக்கு ஊரே போயிருக்கிறது. எப்படிப் போனது என்று எல்லோரும் பேசுகிறோம். போன பிறகு வாசலுக்கு வந்த மனிதர் யார், வந்து என்ன செய்தார் என்பதைப் பேசுவது குறைவு. அதை எழுதுங்கள் என்று கேட்கிறேன். முதலில் நான் எழுதுகிறேன்.

எங்களுடையது கடன் வாங்கிக் கட்டிய விசைப்படகு. ஒரு புதன்கிழமை மீன்வளத்துறையின் அனுமதி டோக்கன் எடுத்துக் கடலுக்குப் போனது. மறுநாள் விடிகாலையில் கூடப் போன படகுகள் கரைக்கு வந்தன, எங்களுடையது வரவில்லை. எல்லை தாண்டியதாகச் சொல்லி, என் வீட்டுக்காரர் உட்பட ஆட்களோடு இலங்கைக் கடற்படையினர் பிடித்துப் போய்விட்டார்கள். அன்றைக்கு வீடு நிறையக் கூட்டம். கட்டிப் பிடித்து அழுதார்கள், அந்தோணியார் பார்த்துக்கொள்வார் என்றார்கள். அவர்கள் பாசத்தில் எந்தக் குறையும் இல்லை. எனக்குத்தான் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

மத்தியான வாக்கில் பக்கத்துத் தெரு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரரும் முன்பு ஒருமுறை அந்தக் கரைச் சிறையில் இருந்து வந்தவர். உட்காரக்கூட இல்லை. "ஏத்தா, டோக்கன் சீட்டு எங்க? படகு ஆர்.சி., டீசல் பாஸ்புக், அவரு மீனவர் அட்டை, ஆதார் எல்லாத்தையும் எடு. மூணு மூணு நகல் போடணும்" என்றார். எழுந்து பீரோவைத் திறந்தேன். காலையிலிருந்து நான் எழுந்து நின்றது அப்போதுதான். நகல் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை ஆபீசுக்கும் சங்கத் தலைவர் வீட்டுக்கும் கூடவே வந்தார். யாரிடம் என்ன மனு கொடுக்க வேண்டும், பிடிபட்டவர் குடும்பத்துக்கு அரசு தரும் நாள்படி உதவிக்கு எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்ன ஒன்றை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "உன் படகுல போன பயலுக வீட்டுக்கு இன்னைக்கே போ. நீ உள்ள உட்கார்ந்து அழுதா அந்தப் பொம்பளைங்க உன்னைத் தேடி வந்து நிப்பாங்க. அது முறையில்ல. நீ முதல்ல போ." போனேன். ஒரு வீட்டில் கைக்குழந்தை. அந்தப் பெண் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ தண்ணீர் கொடுத்து, "அண்ணன் எப்படி இருக்காராம்?" என்று கேட்டாள்.

ராத்திரி அக்கா ஒரு நோட்டோடு மறுபடி வந்தார். கம்பெனிக்காரர் முன்பணம், ஐஸ், டீசல், குழு லோன், அடகு நகை என்று யாருக்கு எவ்வளவு என்பதை எழுத வைத்தார். வார வட்டி எது, மாத வட்டி எது என்று பிரித்தார். வார வட்டிக்காரரிடம்தான் முதலில் பேச வேண்டும், பயந்து ஒளியக்கூடாது என்றார். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுதாமல் இருந்தவரை கடன் என் நெஞ்சுக்குள் பெருகிக்கொண்டே இருந்தது. எழுதின பிறகு அதற்கு ஓர் அளவு வந்தது.

ஆட்கள் கொழும்பு போய், விமானத்தில் சென்னை வழியாக வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை. இலங்கையில் 2018-இல் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு விசைப்படகு திரும்பி வருவது அரிது. என் வீட்டுக்காரர் இளைத்து வந்தார், துறைமுகப் பக்கமே போக மாட்டேன் என்றார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை படகுகளைக் கரையேற்றி வேலை பார்க்கிற நேரம். பக்கத்துச் சம்மாட்டி (படகு முதலாளி) ஒருவர் வீட்டுக்கு வந்து, "எஞ்சின் இறக்கிக் கிடக்கு. உன்னை விட்டா அதுல கை வைக்க ஆள் இல்ல. நாளைக்கு வா மாப்ள" என்றார். ஆள் இல்லாமல் இல்லை என்பது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். ஆனாலும் போனார். தடைக்காலம் முடிந்ததும் அதே படகில் டிரைவராக ஏறினார். சொந்தப் படகு வைத்திருந்தவர் இன்னொருவர் படகில் பங்குக்குப் போவது எங்கள் பக்கம் லேசான காரியம் கிடையாது. முதல் நாள் அவர் கிளம்பும்போது நான் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன். இன்றைக்கும் அதே படகுதான், அதே பங்குதான்.

கீழக்கரை சபுராளி:

அஸ்ஸலாமு அலைக்கும். மதினி, உங்கள் வீட்டுக்காரரை எஞ்சின் வேலைக்குக் கூப்பிட்ட சம்மாட்டி போல என் வாழ்க்கையிலும் ஒருவர் உண்டு. என் மாமியார்.

2020-இல் கொரோனா சமயம் துபாயில் நான் வேலை பார்த்த கடை மூடியது. வந்தே பாரத் விமானத்தில் ஊர் வந்தேன். எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே, மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்கு வந்தால் அது ராஜ உபசாரம். வேலை இல்லாமல் வந்தபோதும் அவர்கள் உபசாரத்தைக் குறைக்கவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சோற்றில் கை வைக்கக் கூசும். தெருவில் காக்காமார் (அண்ணன்மார்) யாராவது "எப்ப திரும்பப் போறீங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று, பள்ளிவாசல் திறந்த பிறகும் தொழுகைக்குக் கடைசியாகப் போய் முதல் ஆளாக வந்துவிடுவேன். மற்ற நேரமெல்லாம் மேல் அறையில் போனும் கையுமாகக் கிடப்பேன்.

மாமி கல்யாண வீடுகளுக்குத் தொதல் கிண்டிக் கொடுப்பவர். ஒருநாள் காலை கீழே இருந்து கூப்பிட்டார். "மாப்புள்ளை, எனக்கு கை வலிக்குது. இந்த அகப்பையைக் கொஞ்சம் பிடிங்களேன்." தொதல் கிண்டிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: அரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லமோ சீனியோ, முந்திரி. அடுப்பில் ஏற்றிவிட்டால் கை ஓயக்கூடாது. ஒரு நிமிடம் நிறுத்தினாலும் அடிபிடித்துவிடும். எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். நேரம் ஆக ஆக அகப்பை இழுக்கவே வராது. அன்றைக்குச் சட்டை நனைந்து, தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றிரவு அசந்து தூங்கினேன்.

அடுத்த ஆர்டருக்கும் கூப்பிட்டார். அதற்கடுத்த ஆர்டருக்கும். நடுவில் என் மனைவி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், உம்மாவுக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது என்று. நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்புவது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பது என்று மெல்ல அந்த வேலை என் கைக்கு வந்தது. கடைத்தெருவில் யாராவது எப்போது போகிறீர்கள் என்று கேட்டால், தேங்காய் வாங்கப் போகிறேன் என்று சொல்ல ஒரு பதில் இருந்தது.

2022-இல் மறுபடி துபாய் வந்துவிட்டேன். மாமியும் மனைவியும் வேலையைத் தொடர்கிறார்கள். தொழில் பெரிதாகிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அந்த வருடம் என்னை மேல் அறையிலிருந்து கீழே இறக்கியது அந்த அகப்பைதான்.

நடராஜபுரம் பேரன்:

எல்லோரும் எழுந்து வந்த கதையைச் சொல்கிறீர்கள். எழாதவர் ஒருவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் தாத்தா தனுஷ்கோடியில் போட் மெயில் ரயிலில் வருகிறவர்களின் பெட்டிகளைக் கப்பலுக்குத் தூக்கிப் போடுகிற வேலையில் இருந்தார். அங்கிருந்துதான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த ரயிலே கடலோடு போனது உங்களுக்குத் தெரியும். தாத்தாவின் முதல் மனைவியும் மகளும் அந்த இரவில் போனார்கள். வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது, தப்பியவர்கள் இந்த ராமேஸ்வரம் பக்கம் வந்தார்கள். உடைந்துபோன பாம்பன் ரயில் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். நாடே அதைப் பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். தாத்தா மறுமணம் செய்தார், கோயில் பக்கம் கடைகளில் வேலை பார்த்தார், அப்பா பிறந்தார். ஆனால் அவர் சரியாகிவிட்டார் என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டோம்.

ஐப்பசிக்கு மேல் வாடை வீச ஆரம்பித்தால் ராத்திரி எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்து வீட்டுக்காரர்களும் தனுஷ்கோடியிலிருந்து வந்தவர்கள்தான். காற்று ஏறுகிற இரவுகளில் யாராவது ஒருவர் வந்து கூட உட்காருவார். வெற்றிலை போடுவார்கள், ஒன்றும் பேச மாட்டார்கள். உள்ளே போய்ப் படு என்று ஒருவரும் சொன்னதில்லை. முறை வைத்து வந்தார்கள் என்று அப்பா சொல்வார். அந்த மனிதர்கள் செத்த பிறகு அவர்கள் பிள்ளைகள் வந்தார்கள். தாத்தாவுக்கு மருந்து என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது இதுதான்.

சின்னப்பாலம் மகள்:

அப்பா இறந்தபோது நான் சின்னப் பிள்ளை. காரியம் முடிந்து அம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கடல்பாசி எடுக்கப் போகிற பாட்டி ஒருவர் விடிகாலையில் வந்தார். கையில் பழைய சேலை. அதைக் கிழித்து, தூக்கத்தில் இருந்த அம்மாவின் விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தார். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது கை கிழியாமல் இருக்கச் சுற்றுகிற துணி அது. "வல்லத்துல உனக்கு இடம் போட்டாச்சு. நீர் வத்துற நாளு, கிளம்பு" என்றார். அம்மாவுக்கு நீந்தத் தெரியும், முங்கிப் பழக்கம் இல்லை. முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில்தான் நிறுத்தினார்கள். மற்றவர்கள் வலைப்பையிலிருந்து ஆளுக்கு ஒரு கை மரிக்கொழுந்துப் பாசியை அம்மா பையில் போட்டு, நிறுவையில் அம்மா பேரில் எழுத வைத்தார்கள்.

எளிதான வேலை இல்லை. பாறை வெட்டும், சொறிமீன் பட்டால் உடம்பு எரியும். எங்கள் தென்கடல் பக்கத் தீவுகள் 21-ம் 1986-இலிருந்து தேசியப் பூங்கா என்பதால் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்ற பயம் வேறு. பிறகு குழுக் கடனில் மூங்கில் தெப்பம் கட்டிப் பாசி வளர்த்தார்கள். கயிற்றில் விதைப்பாசியைக் கட்டி இறக்கினால் 45 நாளில் அறுவடை. என் காலேஜ் பீஸ் அந்தத் தெப்பத்தில் வந்தது. 2013-14 வாக்கில் கடல் சூடாகி, பாசி வெளுத்து உதிர்ந்தது. எங்களுக்கு மட்டுமில்லை, இந்தக் கரை முழுக்க. தெப்பம் வெறும் மூங்கிலாக நின்றது, கடன் நின்றது.

இந்த முறை அம்மா படுக்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு மறுபடி மரிக்கொழுந்துக்கே போனார். தெப்பம் போன இளம்பெண்கள் சிலர் முங்கத் தெரியாமல் கரையில் நின்றார்கள். அவர்களுக்குத் துணி சுற்றிவிட்டவர்களில் அம்மாவும் ஒருவர். பாட்டி அதற்குள் இறந்துவிட்டார், பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மண்டபம் முகாம் அண்ணன்:

இலங்கை மன்னாரிலிருந்து 1990-இல் வந்தவன். படகுக்காரர் ராத்திரியில் கடல் நடுவே மணல் தீடையில் (திட்டில்) இறக்கிவிட்டுப் போனார், விடிந்த பிறகு வேறொரு படகு ஏற்றிவந்தது. எங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. பள்ளியில் ஒரு டீச்சர் புத்தகத்தை நீட்டி, "இந்தப் பக்கத்தை வாசி" என்றார். வாசித்தேன். "அஞ்சாம் வகுப்பு. போய் உட்காரு, பேப்பர் அப்புறம் வரட்டும்" என்றார். அகதி என்று அழைக்கப்பட்ட அந்த வாரத்தில் அஞ்சாம் வகுப்பு என்றும் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. 2022-இல் அங்கே பொருளாதாரம் சரிந்து மறுபடி குடும்பங்கள் வந்தபோது, என் மனைவி அந்தப் பிள்ளைகளிடம் முதலில் கேட்டது எந்த வகுப்பு என்பதைத்தான்.

தொண்டித் தங்கச்சி:

மதினி, எங்கள் தெருவில் போன வாரம் ஒரு வீட்டில் இப்படி ஆகியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் கடலில் பிடிபட்டிருக்கிறார். அந்த அக்காவோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. போகலாமா? போனால் என்ன பேச?

ஓலைக்குடா மதினி:

போம்மா. சாயங்காலம் போகாதே, கூட்டமாக இருக்கும். காலையில் ஏழு மணிக்குப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பு. டோக்கன் சீட்டும் ஆர்.சி.யும் எங்கே என்று கேட்டு நகல் எடுத்துக் கொடு. குழு லோன் தவணை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு, குழுத் தலைவியிடம் நீயே போய்ப் பேசு. இந்த வாரம் அவளை அங்கே அனுப்பாதே. அழுதால் அழட்டும், நீ பாத்திரத்தைக் கழுவு. கூடப் பிடிபட்டவர்கள் வீடு எங்கெங்கே என்று விசாரித்து எனக்குச் சொல். சனிக்கிழமை நானும் எங்கள் தெரு அக்காவும் தொண்டிக்கு வருகிறோம்.